அரைத் துகள் தள்ளி

கோத்தகிரியில் செவ்வாய் இரவு ஒன்பது டிகிரி.
டோலுவீன் துளி காய மாட்டேன் என்கிறது.
கீழே சமவெளியில் பத்து நிமிட வேலை,
இங்கே முக்கால் மணி தாண்டியும் ஈரம்.
நல்லதுதான், என்கிறேன் போஜனிடம்,
அவசரமாகக் காய்ந்தால் துகள்கள்
நின்ற இடத்திலேயே நின்றுபோகும்.
மெதுவாகக் காய்ந்தால் யோசிக்கும்.
“யோசிக்குமா மேடம்?”
இல்லை. தடுமாறும்.
தடுமாறவும் நேரம் வேண்டுமே.

உள்ளே இருப்பது இரும்பின் ஆக்சைடு.
குறுக்களவு இருபது நானோமீட்டர்,
ஒவ்வொன்றும் ஒரு முழுக் காந்தம்.
ஒலியிக் அமிலத்தில் ஆளுக்கொரு ஸ்வெட்டர்
போட்டுவிட்டிருக்கிறேன்,
தடிமன் இரண்டு நானோமீட்டர்.
ஒன்றுக்கொன்று காட்டும் மரியாதை அவ்வளவுதான்.
கழற்றினால் ஒட்டிக் கட்டிதட்டும்.
இன்னும் கனமாகப் போட்டால்
யாருக்கும் யாரும் வேண்டாம்.

தலைக்கு வால் என்று வந்தால் இழுப்பு.
ஒரே பக்கம் முகம் வைத்துத்
தோளோடு தோள் நின்றால் தள்ளல்.
பத்து நானோமீட்டர்க் குஞ்சுகளிடம்
இந்த நியாயம் எடுபடாது,
வெப்பம் உலுக்குகிற உலுக்கலில்
எது தலை எது வால் என்பதே மறந்துவிடும்.
இருபதில்தான் பிடிவாதம் தொடங்குகிறது.

நான் காத்திருந்தது வளையங்களுக்கு.
வெளியிலிருந்து யாரும் இழுக்காதபோது
சங்கிலி வளைந்து வளைந்து
தன் வாலையே கவ்விக்கொள்ளும் என்று
கணக்கு சொல்லியிருந்தது.

புதன் காலை மேட்டுப்பாளையம் பஸ்.
டிபன் பாக்ஸில் மூன்று கிரிட்,
ஊறுகாய்த் தட்டின் இடத்தில்.
கோயம்புத்தூர் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில்
எங்களுக்கு மாதம் இரண்டு மணி நேரம்.
யூஜினா படம் அனுப்பியபோது
பஜாரில் மழை, போன் திரையில் மழை.
துடைத்துப் பார்த்தேன்.

ஒரு வளையம்கூட இல்லை.
நீள நீளமாகச் சங்கிலிகள்,
கேத்தியில் கேரட் பாத்தி பிடித்த மாதிரி
சீரான இடைவெளி,
எல்லாம் ஒரே திசையில்.
கிரிட்டின் கீறலை வைத்துத் திருப்பிப் பார்த்தால்
அது வடக்கும் இல்லை.
ஜன்னல் பக்கம்.

“ஜன்னல் கட்டையில் என்ன இருந்தது போஜன்?”
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பையிலிருந்து போனை எடுத்தார்,
உறையைத் திறந்து மூடினார்.
டக்.
அந்த டக்கில் இருந்தது காந்தம்.
துளிக்கு இரண்டு விரற்கடை தள்ளி
இரவு முழுக்க.

“அங்கேதான் மேடம் டவர் கிடைக்கும்.
தங்கச்சியை ஊட்டியில் சேர்த்திருக்கு.”

கத்தினேன். நாலு நாள் வேலை,
மாதத்தின் இரண்டு மணி நேரம்.
பிறகு இருந்த ஒரே பெஞ்சில்
ஒரே சுவரைப் பார்த்தபடி
ஆளுக்கொரு ஓரம் உட்கார்ந்திருந்தோம்.
ஹீட்டர் இருமியது.

படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன்,
வேறென்ன செய்ய.
இடது கீழ் மூலையில் இரண்டு சங்கிலி
ஒட்டிக் கிடந்தன.
ஒரே முகம், பக்கத்தில் பக்கம்,
தள்ளியிருக்க வேண்டியவை.
எண்ணினேன். ஒன்று மற்றதைவிட
அரைத் துகள் முன்னே நகர்ந்திருந்தது.
இதன் மேடு அதன் பள்ளத்தில்.
அவ்வளவு நகர்ந்தால் போதும்,
தள்ளிய விசையே மாறி இழுக்கும்.
பாடத்தில் படித்ததுதான்,
இத்தனை பக்கத்தில் பார்த்ததில்லை.

போஜனிடம் காட்டினேன்.
எட்டவில்லை, கொஞ்சம் நகர்ந்து வந்தார்.
“ரெண்டும் சண்டை போட்ட மாதிரி இல்லையே,” என்றார்.
எப்போது பிறந்தது என்று கேட்டேன்.
மூன்றரைக்கு. பெண். இரண்டு கிலோ நானூறு.
நோட்டில் எழுதினேன்:
புலம் — போன் உறை.
நேரம் — மூன்றரை வரையாவது.

வெள்ளி இரவு மறுபடி ஒரு துளி.
போன்கள் இரண்டும் கேட்டில், வாட்ச்மேன் ஸ்டீபனிடம்.
கத்தரிக்கோல் வெளியே, ஸ்டூல் வெளியே,
என் வளையல்களையும் கழற்றிவைத்தாயிற்று.
ஜன்னல் கட்டையில் பனிமூட்டம் மட்டும்.

இனி பாக்கி இந்தப் பூமி.
அதன் காந்தத்தை
எந்தப் பையில் போட்டு, யாரிடம் கொடுத்துவைக்க?